கடைசிக் குடம்

முதல் பரிசு என்று கேட்டதும் குமுதவல்லிக்குச் சந்தோஷம் வரவில்லை.

மாநகராட்சிப் பூங்காப் பிரிவில் உதவிப் பொறியாளராக இத்தனை வருடம் குப்பை கொட்டியவளுக்கு, பாராட்டு வந்தால் பின்னாலேயே ஒரு தலைவலியும் வரும் என்பது தெரியாதா என்ன? நகரத்துப் பூங்காக்களிலேயே மிகக் குறைந்த தண்ணீரில் மிக அதிக மரங்களை உயிரோடு வைத்திருப்பது கால்வாய்க்கரைப் பூங்காதான் என்று அலுவலகத் திரையில் அறிவிப்பு ஓடியது. அது அவள் பொறுப்பில் இருக்கும் பூங்கா. கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரி: 'சிறப்புக் கவனத்துக்கு: வடக்குச் சுவரோர மரங்கள், நாற்பது.'

அந்த நாற்பதில் ஒன்றுகூட மரம் கிடையாது.

விஷயத்தைக் கொஞ்சம் முன்னாலிருந்து சொன்னால்தான் விளங்கும். சென்னையில் நிலத்தடி நீர் உப்பாகி, குடிக்கவே இல்லாத ஊரில் புல்லுக்கா தண்ணீர் என்று ஆளாளுக்குப் பேசிய காலத்தில் நீர்மிச்ச நிதியம் என்று ஒன்று வந்து சேர்ந்தது. ஒவ்வொரு மரத்தின் தண்டிலும் ஒரு வளையத்தை மாட்டுவார்கள். அதற்குக் காப்பு என்று பெயர். பட்டைக்கு அடியில் ஓடும் சாற்றை வைத்து மரத்துக்கு எவ்வளவு தாகம் என்று அது சொல்லிவிடும். மரத்தடிக் குழாய் அந்த அளவுக்குத் திறந்து மூடிக்கொள்ளும். மிச்சமாகும் தண்ணீரை நிதியம் விலைக்கு எடுத்து ஆலைகளுக்குக் கொடுக்கும். அந்தப் பணத்தில்தான் பூங்காவுக்கு மோட்டார், தோட்டக்காரர் சம்பளம், விளக்கு, குழந்தைகளின் ஊஞ்சலுக்கு எண்ணெய் எல்லாம். மிச்சம் காட்டாத பூங்காவுக்குப் பூட்டுத்தான். இதையெல்லாம் ஆட்டிவைக்கும் செயலிக்கு நீளமான அரசாங்கப் பெயர் ஒன்று உண்டு. பூங்காப் பிரிவில் எல்லோரும் அதை மாமியார் என்றே சொன்னார்கள். சொட்டுச் சொட்டாகக் கணக்குக் கேட்கும், எதையும் மறக்காது, எவ்வளவு செய்தாலும் இன்னும் கொஞ்சம் செய்திருக்கலாமே என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளும்.

அறிவிப்பு வந்த கையோடு பக்தவத்சலம் போன் பண்ணினார். தென்பகுதியில் இன்னொரு பூங்காவைப் பார்ப்பவர், அவள் வயதுக்காரர்.

"மேடம், வாழ்த்துகள். அது என்ன மரம் மேடம்? இங்க வேப்பமரமே கருகிக்கிட்டு கெடக்கு. மாமியார் என்னைப் போட்டுப் பிடுங்கி எடுக்குது."

"நாட்டு மரம் சார்."

"பேரு?"

"பேரு தெரியல சார்," என்றாள். அது ஒன்றும் முழுப்பொய் இல்லை. நாற்பது வீட்டில் முக்கால்வாசிப் பேரின் பெயர் அவளுக்குத் தெரியாது.

இரண்டு கோடைக்கு முன்பு மாமியார் வடக்குச் சுவரோரம் ஒரு கசிவைக் கண்டுபிடித்தது. அடைக்கச் சொல்லி உத்தரவு. ஒரு கொத்தனாரையும் அரை மூட்டை சிமெண்டையும் ஏற்றிக்கொண்டு குமுதவல்லி போனாள். சுவரில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை, அதற்குள் ஒரு பச்சைக் குழாய், சுவருக்கு அந்தப் பக்கம் வரிசையாக பிளாஸ்டிக் குடங்கள். சுவருக்கும் கால்வாய்க்கும் நடுவில் நாற்பது வீடுகள் இருந்தன. கால்வாய்க்கரை என்பது முகவரியே இல்லை என்று யாரோ முடிவு செய்ததிலிருந்து தண்ணீர் லாரி அங்கே வருவதில்லை. ஓட்டையில் முதுகைச் சாய்த்து ஒரு நடுவயதுப் பெண் உட்கார்ந்திருந்தாள். காசிமேட்டில் மீன் எடுத்துக் கூடையில் விற்கும் எஸ்தர். அந்தத் தெருவில் தண்ணீர் முறை பார்ப்பது அவள்தான்.

"அடைக்கறதுன்னா என் முதுகோட சேத்து அடைச்சிக்கோ மேடம்."

"இந்தத் தண்ணி மரத்துக்குத்தாம்மா. ஜனங்களுக்குக் குடுக்க எனக்கு அதிகாரம் இல்ல."

"அப்போ எங்களையும் மரம்னு எழுதிக்கோ. நிக்க சொல்லு, நிக்கிறோம்."

கோபத்தில் சொன்ன வார்த்தை. காலையிலிருந்து நின்று நின்று குமுதவல்லிக்குக் கணுக்கால் வீங்கியிருந்தது. வாக்குவாதம் பண்ணத் தெம்பில்லை. கைப்பையில் மீந்துபோன காப்பு ஒன்று கிடந்தது. எஸ்தரின் வாயை அடைக்கத்தான் அதை எடுத்து அவள் மணிக்கட்டில் மாட்டினாள். இதோ பார், இது மனுஷாளுக்கு வேலை செய்யாது என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம் என்று நினைத்தாள்.

கைத்திரையில் எழுத்து வந்தது. 'புதிய மரம். வகை தெரியவில்லை. கடும் தாகம்.'

இரண்டு பெண்களும் அதைப் பார்த்தார்கள். கொத்தனாரும் எட்டிப் பார்த்தார், பார்க்காதது மாதிரி பீடி பற்ற வைக்கப் போய்விட்டார். எஸ்தர் தன் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவரை யாரும் அவளிடம் தாகமா என்று கேட்டதில்லை.

குமுதவல்லி செய்ததைத் துணிச்சல் என்று சொல்லிவிட முடியாது. அலுப்பில் செய்தாள். சிமெண்டைத் திருப்பி ஏற்றினாள். புதிய நடவு என்று பதிந்து வீட்டுக்கு ஒன்றாக இன்னும் முப்பத்தொன்பது காப்பு வாங்கி மாட்டினாள், சுவரின் அந்தப் பக்கம் நாற்பது குழாய் போட வைத்தாள். மாமியார் இரண்டு நாள் யோசித்துவிட்டு, 'சாறு இரவிலும் நிற்காமல் ஓடுகிறது, உறுதி செய்க' என்று கேட்டது. உறுதி என்று அழுத்தினாள். புது வகைகளைத் தானாகக் கற்றுக்கொள்ளும்படி மாமியாரைப் படைத்திருந்தார்கள். அது கற்றுக்கொண்டது.

தண்ணீர் சும்மா வரவில்லை. பூங்கா விளக்குக் கம்பத்தில் பொருத்திய கருவிக்கு எட்டும் தூரத்தில் காப்பு இருந்தாக வேண்டும். கொஞ்ச நேரம் கழற்றினால் பரவாயில்லை. ஒரு பொழுது முழுக்கக் கழன்றிருந்தால் மரம் பட்டுப்போனது என்று எழுதிவிடும். ஆகவே வீட்டுக்கு ஒருத்தர் எப்போதும் வீட்டோடு மரமாக நின்றாக வேண்டும். கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். எஸ்தர் காசிமேட்டுக்குப் போவதை நிறுத்தினாள். அவள் மகள் கிரேஸுக்கு அடையாறில் ஒரு மருந்துக்கடையில் வேலை கிடைத்ததால், வீட்டில் மரமாக நிற்க எஸ்தரை விட்டால் ஆளில்லை. மீன்கூடை பரணுக்குப் போயிற்று.

வீட்டுக்கு நாளுக்கு நான்கு குடம் வந்தது. அதில் அந்தத் தெருவுக்கு ஒரு பழக்கம் இருந்தது, லாரித் தண்ணீர் காலத்துப் பழக்கம். கடைசிக் குடத்தை யாரும் தொடமாட்டார்கள். வேலையிலிருந்து நேரம் கழித்து வருகிறவர்கள், மேம்பாலத்தடியில் படுக்கிறவர்கள், வரிசை என்று ஒன்று இருப்பதே தெரியாத வெளியூர்க்காரர்கள் யாராவது குடத்தோடு வந்து நின்றால், இல்லை என்று சொல்லக் கூடாது. அதற்காக. முன்பு தெருவுக்கு ஒரு குடம் அப்படி நிற்கும். இப்போது வீட்டுக்கு வீடு குழாய் என்பதால் வீட்டுக்கு வீடு ஒரு குடம் பிடிக்காமல் விட்டார்கள். பெரும்பாலான நாட்களில் ஓரிருவர்தான் வருவார்கள். பொழுது சாய்ந்ததும் குழாய் மூடிக்கொள்ளும், மிச்சம் மாமியாரின் கணக்குக்குப் போய்விடும். தாகமுள்ள மரம் தனக்குக் கொடுத்த தண்ணீரைத் திருப்பித் தருவதை மாமியார் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

பரிசு அறிவிப்பு வந்த மறுநாள் நிதியத்திலிருந்து நிரஞ்சனா திரையில் வந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. நல்ல பெண். அதுதான் கஷ்டம். திட்டுவதற்கு ஒன்றுமே கிடைக்காத பெண்.

"மேடம், உங்க வடக்குச் சுவர் மரங்களைப் பத்தித்தான் இங்க எல்லாரும் பேசிக்கறோம். நாலு பங்கு குடுத்தா மூணு பங்குதான் எடுக்குது. நாங்க இதுவரைக்கும் பார்த்ததே இல்ல."

"அது வந்து, வயசான மரங்கம்மா. நிறைய எடுக்காது."

"அதனாலதான் மேடம் கேக்கறேன். நர்சரியில நாத்தை வாட்டிப் பழக்குவாங்கல்ல? கொஞ்சம் கொஞ்சமா தண்ணி குறைச்சு? அந்த மாதிரி இதுக்கும் பண்ணப் போறோம். திங்கட்கிழமையிலேருந்து ரெண்டு பங்கு."

"தாங்காதும்மா."

"தாங்குதா இல்லையான்னு கண்டுபிடிக்கத்தான். பத்துல ஒண்ணு பட்டுப்போனா அதுதான் எல்லைன்னு செயலி எடுத்துக்கும். அதுக்கு ஒரு படி மேல நிரந்தரமா வெச்சிடும். அதுவரைக்கும் குறைச்சிக்கிட்டே போகும்."

"பத்துல ஒண்ணு சாகட்டும்னு விடறதா?"

"எனக்கும் மரம்னா உயிர் மேடம். ஆனா இதுல மிச்சமாகற தண்ணியிலதான் புறநகர்ல ரெண்டு ஆலை ஓடுது. அங்க வேலை பாக்கறவங்களுக்கும் குடும்பம் இருக்கில்ல? நாலு மரம் போனா நாலு மரம். மறுபடியும் நட்டுக்கலாம்."

குமுதவல்லிக்கு உண்மை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் என்ன ஆகும் என்பதும் கூடவே வந்தது. நாற்பது காப்பையும் பிடுங்குவார்கள், சுவரை அடைப்பார்கள், அவள் ஓய்வூதியத்துக்கு ஒரு விசாரணைக் குழு போடுவார்கள். தான் எதற்குப் பயந்து வாயை மூடிக்கொண்டோம் என்று பிற்பாடு யோசித்துப் பார்த்தாள். சுவரோர வீடுகளுக்காக என்று சொல்லிக்கொள்ளத்தான் ஆசை. ஓய்வூதியமும் அதில் இருந்தது.

சாயங்காலம் வடக்குச் சுவருக்குப் போனாள். எஸ்தர் குழாய்களுக்கு முன்னால் ஒரு கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்து முறை பார்த்துக்கொண்டிருந்தாள். குமுதவல்லி எல்லாவற்றையும் சொன்னாள். எஸ்தர் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்த நாலாவது கொடத்தையும் நாங்க புடிச்சிருந்தா?"

"இந்த வம்பே வந்திருக்காது."

"புடிச்சிக் கீழ ஊத்தியிருந்தாக்கூட?"

"ஊத்தியிருந்தாக்கூட."

எஸ்தர் சிரித்தாள். சிரிக்கிற விஷயமே இல்லை, இருந்தாலும் சிரித்தாள். "நல்லாக்கீது மேடம் உங்க மாமியாரு. அவசரத்துக்கு நிக்கட்டும்னு விட்டு வெச்சா, இவளுக்குத் தாகமே இல்லன்னு எழுதிக்கிச்சா?" பிறகு சிரிப்பு நின்றது. "அப்போ நாங்க செத்துக் காட்டணும். நாலு பேரு."

"காப்பைக் கழட்டினா போதும். ஆனா உடனே கழட்டக் கூடாது. எந்த மரமும் முதல் நாளே பட்டுப்போகாது. ஒரு வாரமாவது வாடின மாதிரி இருக்கணும்."

"வாடின மாதிரின்னா இன்னா? ரெண்டு கொடத்துல வாடத்தானே போறோம்."

அந்த வாரம் யாரும் நடிக்க வேண்டியிருக்கவில்லை. அரிசியைக் களையாமல் உலையில் போட்டார்கள். பாத்திரத்தைச் சாம்பலால் துடைத்துக் கவிழ்த்தார்கள். எதிரும் புதிருமான வீடுகளில் சண்டை மூண்டது. தேவகி என்று ஒரு கைக்குழந்தைக்காரி, குழந்தையின் துணியைக் கால்வாயில் அலசப் போய் அழுதுகொண்டே திரும்பி வந்தாள். குமுதவல்லி இரண்டு நாள் அலுவலக ஜீப்பில் தண்ணீர் கேன்களை ஏற்றிக்கொண்டு போய் இறக்கினாள். நாற்பது வீட்டுக்கு நாலு கேன். கொடுத்துவிட்டு நிமிர்ந்து யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. வீட்டுக்குப் போய்க் குளிக்க உட்கார்ந்தால் சொம்பைத் தூக்கவே கை வரவில்லை. மூன்றாவது நாள் கேன் எடுத்துப் போகவில்லை.

மாமியாருக்கு மட்டும் வாரம் திருப்தியாக ஓடியது. 'இலைச் சோர்வு இல்லை. சாறு சற்றே கெட்டிப்படுகிறது. தாங்குகிறது' என்று தினமும் எழுதிற்று.

ஞாயிற்றுக்கிழமை தெருவே குழாயடியில் கூடியது. நான்கு வீடுகள் காப்பைக் கழற்ற வேண்டும், மீதி முப்பத்தாறும் அந்த நாலுக்கும் பங்கு கொடுக்க வேண்டும். கேட்பதற்கு எளிதாகத்தான் இருந்தது. யார் கழற்றுவது என்று எஸ்தர் கேட்டபோது எல்லோரும் அவரவர் கால்விரலைப் பார்த்தார்கள். இன்று பங்கு கொடுப்பார்கள், அடுத்த மாதமும் கொடுப்பார்களா? அதை யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஒற்றை ஆளாக இருக்கிறவன் கழற்றட்டும் என்று ஒருவன் ஆரம்பித்தான். கடைசியாகக் குடிவந்தவர்கள் கழற்றட்டும் என்றாள் இன்னொருத்தி. கை கலக்கிற நிலைமை வந்தபோது எஸ்தர் தன் காப்பைக் கழற்றி வாளியின்மேல் வைத்தாள்.

"ஒண்ணு ஆச்சி. மீதி மூணுக்கு சீட்டு குலுக்கிப் போடுங்க."

"அம்மா, உன்ன யாரு கழட்டச் சொன்னா?" என்று கிரேஸ் கத்தினாள். "ரெண்டு வருஷமா இதுக்குன்னே வீட்டுல குந்திக்கினு இருந்தியே!"

"அதான் கழட்டிட்டன்ல. நாளைக்கு காசிமேடு போறேன், வுடு."

குலுக்கியதில் மூன்றாவது சீட்டு தேவகிக்கு விழுந்தது. அவள் குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். சாக்கடை ஓடுவதைப் பற்றி இரண்டு வருடமாக அவளோடு பேச்சில்லாமல் இருந்த பக்கத்து வீட்டு ரோசம்மா முன்னால் வந்து அந்தச் சீட்டை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, தன் காப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள். அதற்குப் பிறகும் இருவருக்கும் பேச்சில்லைதான்.

மறுநாள் மாமியாரிடமிருந்து செய்தி வந்தது. 'நான்கு மரங்கள் பட்டுப்போயின. தாங்கும் எல்லை கண்டறியப்பட்டது.' மீதி மரங்களுக்கு இனி நிரந்தரமாக நாளுக்கு இவ்வளவு லிட்டர் என்று ஒரு கணக்கு. குடத்தில் சொன்னால் மூன்று. கீழே இன்னொரு வரி: 'பட்டுப்போன மரங்களை உடனடியாக அகற்றுக.'

குமுதவல்லி அதைப் படித்தது வடக்குச் சுவரோரம் நின்றுதான். அகற்றப்பட வேண்டிய மரங்களில் ஒன்று அவளுக்காக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டது.

"குந்து மேடம். மூணு கொடம் மறுபடி வந்திடிச்சில்ல? அது போதும். சமாளிச்சிப்போம்," என்றாள் எஸ்தர். காலையில் காசிமேடு போய் வந்த மீன்வாடை அவள் மேல் இருந்தது. அவள் சந்தோஷமாக இருந்தாள் என்றுகூடச் சொல்லலாம். குமுதவல்லியும் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

முப்பத்தாறு குழாயிலும் மூன்று மூன்று குடம் பிடித்தார்கள். காப்பில்லாத நாலு வீட்டுக்கும் எல்லோரும் சொம்பு சொம்பாக ஊற்றினார்கள். கடைசிச் சொட்டு வரை பிடித்தார்கள். குழாய்கள் மூடிக்கொண்டன. தரை காய்ந்திருந்தது.

அந்த நேரத்துக்கு ஒரு பெண் குடத்தோடு வந்து நின்றாள். தார் ரோடு போடுகிற வேலையிலிருந்து நேரே வந்திருக்க வேண்டும், சட்டை முழுக்கக் கறுப்பு. மேம்பாலத்தடியில் யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"அக்கா, இங்க கடேசிக் கொடம் குடுப்பாங்கன்னு சொன்னாங்க."

எஸ்தர் குழாய்களைப் பார்த்தாள். தெருவைப் பார்த்தாள். திறந்திருந்த கதவுகளில் நின்றவர்கள் மெதுவாக உள்ளே போனார்கள்.

"இல்லம்மா," என்றாள்.

அந்த வார்த்தையை அந்தக் குழாயடியில் குமுதவல்லி அதுவரை கேட்டதில்லை. எஸ்தருக்கே அது வாயில் ஒட்டாமல்தான் வந்தது. அந்தப் பெண் சரியாகக் காதில் விழவில்லை என்று நினைத்தோ என்னவோ, அங்கேயே நின்றாள்.

அப்போது போன் அடித்தது. பக்தவத்சலம்.

"மேடம், தலைமேல இடி மேடம். உங்க நாட்டு மரத்தை எல்லா பார்க்லயும் நடச் சொல்லி ஆர்டர். எனக்கு அம்பது காப்பு அனுப்பிச்சிட்டாங்க. நடலேன்னா பார்க்கைப் பூட்டிடுவாங்களாம். கன்னு எங்க மேடம் கிடைக்கும்? நர்சரி நர்சரியா அலையறேன், ஒருத்தனுக்கும் தெரியல."

குமுதவல்லி நாற்காலியிலிருந்து எழுந்து சுவர்ப் பக்கமாக நாலடி நடந்தாள்.

"சார், உங்க பார்க் பின்பக்கச் சுவர்ல ஓட்டை ஏதாவது இருக்கா?"

பக்தவத்சலமும் இந்த வேலையில் கிழடு தட்டியவர்தான்.

"இருக்கு மேடம்," என்றார், குரல் இறங்கி. "அதை அடைக்கச் சொல்லித்தான் போன வாரம் மாமியார் எழுதியிருந்துது. நாளைக்குக் கொத்தனாரை வரச் சொல்லியிருக்கேன்."

"வேணாம்னு சொல்லிடுங்க. காப்பை எடுத்துக்கிட்டு நீங்களே போங்க. போனா புரியும்."

"மேடம்... அப்போ உங்க மரம்..."

"ஆமாம் சார்."

அவர் போனை வைத்துவிடப் போனார்.

"சார், ஒண்ணு," என்றாள் குமுதவல்லி. "முக்கியமா இதைச் சொல்லிடுங்க அவங்ககிட்ட. எங்க ஜனம் பண்ணின தப்பை அவங்க பண்ண வேணாம். குடுக்கறத முழுசா பிடிச்சிக்கணும். தேவையில்லன்னா கீழ ஊத்தட்டும். யாருக்காகவும் மிச்சம் வெக்கவே கூடாது."

போனைப் பைக்குள் போட்டுவிட்டுத் திரும்பினாள். அந்தப் பெண் காலிக் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தாள். இவள் பேசியதெல்லாம் அவள் காதிலும் விழுந்திருக்கும்.